அடுத்த மருந்து எது என்று இன்றே கேளுங்கள்



இந்த இதழ் முதியோர் நலச் சிறப்பிதழாக உங்கள் கைக்கு வருகிறது. கண்புரை, காது மந்தம், மறதி நோய் என்று உள்ளே பல கட்டுரைகள் இருக்கின்றன. எலும்புப்புரையை மட்டும் என் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். காரணம் உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுவது எப்படி என்று நம் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எலும்பு மருந்தின் சங்கதி வேறு. எது முதலில், எது இரண்டாவது, எதை எப்போது நிறுத்துவது, நிறுத்தியபின் அந்த இடத்துக்கு எதைக் கொண்டுவருவது என்ற வரிசைதான் இந்தச் சிகிச்சையில் பாதி. வரிசை கெட்டால் நல்ல மருந்தும் கைகொடுக்காமல் போகும். இது மருத்துவர்களுக்குத் தெரியும். மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

வடசென்னை விம்கோ நகரில் உட்கார்ந்து எலும்பைப் பற்றி எழுதுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 1923இல் ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் உருவான வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம்தான் நம் ஊரின் பெயர். தீக்குச்சிக்கும் எலும்புக்கும் பழைய பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகளில் குச்சியின் முனைக்கு வெண் பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள். அதன் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்த தொழிலாளர்கள் பலருக்குத் தாடை எலும்பு அழுகிப்போனது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இந்தத் தாடை நோயும் ஊரறியப் பேசப்பட்டது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. விம்கோ அதற்குப் பத்தாண்டு கழித்துப் பிறந்த கம்பெனி என்பதால் அது தயாரித்தது சேஃப்டி தீக்குச்சி.

அதே பாஸ்பரஸ் இன்று மருந்தாகவும் வந்திருக்கிறது. எலும்புப்புரைக்கு உலகெங்கும் மிகப் பரவலாக எழுதித்தரப்படுபவை பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள். பாஸ்பரஸ் சேர்ந்த இந்தப் பொருட்கள் முதலில் தொழிற்சாலைச் சரக்குகளாகத்தான் இருந்தன. தண்ணீர்க் குழாய்களிலும் பாய்லர்களிலும் சுண்ணாம்பு படியாமல் தடுக்கப் பயன்பட்டன. அவை எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அது கரைவதையும் தடுக்கும் என்று சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷும் அவருடைய சகாக்களும் 1969இல் வெளியிட்டார்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்திலும் மணலி ஆலைகளிலும் பாய்லர் பார்த்தவர்கள் வீட்டில், அந்த ரசாயனக் குடும்பத்துச் சரக்கையே பாட்டி வாரம் ஒருமுறை மாத்திரையாக விழுங்குகிறாள்.

தாடைப் பிரச்சினை 2003இல் மறுபடி தலைகாட்டியது. பிஸ்பாஸ்போனேட் எடுத்த சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை, தாடை எலும்பு வெளியே தெரிந்தது. பழைய தீப்பெட்டி ஆலை நோயின் சாயல் இதில் இருப்பதை மருத்துவர்கள் உடனே கவனித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக மிக அதிக அளவில் அடிக்கடி மருந்து ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் இந்த ஆபத்து ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர் வரைதான் என்பது கணக்கு. சொத்தைப் பல் இருந்தால், பிடுங்க வேண்டியிருந்தால், மருந்து தொடங்குமுன் அந்த வேலையை முடித்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் எலும்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். அதற்குமேல் இதைப் பற்றிப் பயம் வேண்டாம்.

இனி வரிசைக்கு வருவோம். எலும்பு உயிருள்ள பொருள். ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும், இன்னொரு வகைச் செல்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பை நிரப்பும். இளமையில் இரண்டும் சமமாக நடக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் அரிப்பு வேகமெடுக்கும், நிரப்புவது பின்தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்காது. மூட்டு வலி வேறு, இது வேறு. எலும்பு முறிந்த பிறகுதான் இது பலருக்குத் தெரியவருகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் முன்கூட்டியே பார்க்கலாம். அந்த அறிக்கையில் டி ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

மருந்துகளும் இரண்டு வகை. அரிப்பைத் தடுப்பவை ஒன்று: அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட் மாத்திரைகள், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசி. புது எலும்பை வளர்ப்பவை மற்றொன்று: தினமும் போட்டுக்கொள்ளும் டெரிபாராடைடு ஊசி, மாதம் ஒருமுறை ஓராண்டுக்குப் போடும் ரோமோசோசுமாப் ஊசி. கொத்தனார் எழுப்பிய சுவருக்குப் பூச்சு பூசாமல் விட்டால் மழை கரைத்துவிடும். வளர்க்கும் மருந்துக்கும் தடுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு அதுதான்.

வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு எண்ணாகவே பதில் சொல்கிறது. ஒரு குழுப் பெண்களுக்கு முதல் இரண்டு ஆண்டு டெரிபாராடைடு, அடுத்த இரண்டு ஆண்டு டெனோசுமாப். இன்னொரு குழுவுக்கு இதையே திருப்பி, முதலில் டெனோசுமாப், பிறகு டெரிபாராடைடு. மருந்து இரண்டும் அதே மருந்து, காலம் அதே நான்கு ஆண்டு. 2015இல் முடிவு வெளியானது. முதல் குழுவுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி 6.6 சதவீதம் கூடியிருந்தது. இரண்டாவது குழுவுக்கு 2.8 சதவீதம்தான். டெனோசுமாப்பை நிறுத்தி டெரிபாராடைடுக்கு மாறிய பெண்களுக்கு, மாறிய தொடக்கத்தில் எலும்பு கூடுவதற்குப் பதில் குறையவும் செய்தது. வளர்க்கும் மருந்தைக் கையில் வைத்திருந்தும், தவறான நேரத்தில் எடுத்ததால் அதன் பலன் பாதிக்கும் கீழே போயிற்று.

டெரிபாராடைடு நம் உடலிலேயே சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. அந்த ஹார்மோன் இடைவிடாமல் மிகுந்து சுரந்தால் எலும்பைக் கரைக்கும். அதையே நாளுக்கு ஒருமுறை சிறிதளவு கொடுத்தால் எலும்பை வளர்க்கும். பேனா போன்ற கருவியில் வரும், வயிற்றிலோ தொடையிலோ தாங்களே போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை கொடுப்பார்கள். செலவு மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அவ்வளவு செலவழித்து இரண்டு ஆண்டு குத்திக்கொண்டு, முடிந்ததும் “கோர்ஸ் முடிஞ்சிடுச்சு” என்று பேசாமல் இருந்துவிட்டால், வளர்ந்த எலும்பு ஓரிரு ஆண்டில் கரைந்து போகும். கடைசி ஊசி முடிந்த கையோடு தடுக்கும் மருந்து ஒன்று தொடங்கியாக வேண்டும்.

ரோமோசோசுமாப்பின் பின்னணி சுவாரசியமானது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்து வளரும் ஓர் அரிய பரம்பரை நோய் இருந்தது. அவர்கள் உடலில் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் சுரக்கவில்லை என்று 2001இல் தெரியவந்தது. எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம் அது. அதை அடக்கும் ஊசியாக வந்த ரோமோசோசுமாப் 2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. 4093 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டு ரோமோசோசுமாப் போட்டுப் பிறகு அலெண்ட்ரோனேட்டுக்கு மாறியவர்களுக்கு, தொடக்கம் முதல் அலெண்ட்ரோனேட் மட்டும் சாப்பிட்டவர்களைவிடப் புதிய முதுகெலும்பு முறிவு 48 சதவீதம் குறைவு. கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது.

அப்படியானால் எல்லோருக்கும் வளர்க்கும் ஊசியில்தான் தொடங்க வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு பிஸ்பாஸ்போனேட்டே முதல் மருந்து. விலையும் குறைவு, நீண்ட அனுபவமும் உண்டு. முதுகெலும்பு அண்மையில் முறிந்தவர்கள், ஒன்றுக்கு மேல் முறிவு கண்டவர்கள், டி ஸ்கோர் வெகு கீழே போனவர்கள் ஆகியோருக்குத்தான் வளர்க்கும் மருந்தை முதலில் யோசிக்க வேண்டும். ஒரு முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் முறிகிறது. அந்த ஓராண்டைத் தாண்டுவதே பெரிய காரியம். 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களுக்கு இரண்டு ஆண்டு டெரிபாராடைடு கொடுத்தபோது 5.4 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு வந்தது. ரைசெட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு வந்தது. வசதி இருப்பவர் எந்த மருந்தையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நினைக்கலாம். எலும்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

மாத்திரையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலெண்ட்ரோனேட்டை வாரத்தில் ஒருநாள் காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது, வேறெதுவும் சாப்பிடக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கஷ்டம் எங்கே என்றால், நம் வீடுகளில் பல் துலக்கியதும் கை முதலில் தேடுவது காபியையோ டீயையோதான். இந்த மாத்திரை வயிற்றிலிருந்து இரத்தத்துக்குள் போவதே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காபியோடு விழுங்கினால் அதிலும் 60 சதவீதம் போய்விடும். மூன்று வருஷம் தவறாமல் சாப்பிட்டும் ஸ்கேன் முன்னேறவில்லையே என்று குறைப்படுகிறவர்கள், மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் அந்த ஒருநாள் காலையை எண்ணிப் பாருங்கள். அந்த நியமம் வீட்டில் நடக்காது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் இருக்கிறது. முதல் முறை ஏற்றிய ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமாலுக்கு அடங்கும்.

பிஸ்பாஸ்போனேட்டுக்கு ஒரு நல்ல குணம். அது எலும்பிலேயே தங்கிவிடும், நிறுத்திய பிறகும் சில ஆண்டு வேலை செய்யும். அதனால்தான் மாத்திரை ஐந்து ஆண்டு, ஏற்றும் மருந்து மூன்று ஆண்டு ஆனதும், முறிவு ஆபத்து குறைந்திருந்தால் மருத்துவர்கள் இடைவெளி கொடுப்பார்கள். ஆபத்து நீடித்தால் மாத்திரையைப் பத்து ஆண்டு வரையும் ஏற்றும் மருந்தை ஆறு ஆண்டு வரையும் தொடர்வதுண்டு. வெகுகாலம் தொடர்ந்தால் அரிதாகத் தொடை எலும்பு குறுக்கே விரிசல் விடலாம். ஆசியப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். மருந்தை நிறுத்தினால் அந்த ஆபத்து விரைவில் குறைந்துவிடும். தொடையிலோ கவட்டிலோ காரணமில்லாமல் வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். இடைவெளி என்பது முடிவில்லாத விடுமுறையும் அல்ல. மறுபடி ஸ்கேன் எடுக்கும் தேதியோடு வருவதுதான் சரியான இடைவெளி.

டெனோசுமாப்பின் சுபாவம் இதற்கு நேரெதிர். மருந்து மிக நல்ல மருந்து. 7868 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டில் முதுகெலும்பு முறிவை 68 சதவீதம் குறைத்தது. ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி, வேலை முடிந்தது. ஆனால் அது எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதம் தாண்டியதும் வீரியம் போய்விடும். அதுவரை அடக்கிவைத்திருந்த அரிக்கும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும். ஓராண்டு, இரண்டாண்டுக்குள் சேர்த்த எலும்பெல்லாம் கரையும். நிறுத்தியபின் முதுகெலும்பு முறிந்தவர்களைக் கணக்கெடுத்தபோது பத்தில் ஆறு பேருக்கு ஒன்றுக்கு மேல் முறிந்திருந்தது. எவ்வளவு நீண்ட காலம் போட்டார்களோ, நிறுத்தும்போது அடி அவ்வளவு பலமாக விழும்.

எர்ணாவூர் பக்கத்து வாசகி ஒருவர் தன் அம்மாவின் மருத்துவக் காகிதங்களை மஞ்சப்பையில் போட்டு நம் அலுவலகத்துக்கு எடுத்துவந்தார். மேசையில் கவிழ்த்துப் பார்த்தோம். இரண்டு எக்ஸ்ரே படங்கள், பச்சை மஞ்சள் சிவப்புப் பட்டை போட்ட டெக்ஸா ஸ்கேன் தாள், ஓரம் மடங்கிய மருந்துச் சீட்டுகள், ஊசி வந்த அட்டைப் பெட்டி ஒன்று. பெட்டியின் மேல் “பிரிட்ஜில் வை” என்று பேனாவால் எழுதியிருந்தது. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் ஆறு ஆறு மாத இடைவெளியில் நான்கு டெனோசுமாப் ஊசி. ஐந்தாவதற்குச் சீட்டு இல்லை. வழக்கமாகப் பார்த்த மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம், மகனுக்கும் வேலை மாறியதாம். “அம்மாவுக்கு வலியே இல்லியே சார், அப்புறம் எதுக்கு ஊசின்னு விட்டுட்டோம்” என்றார். நான்காவது ஊசிக்குப் பத்து மாதம் கழித்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் சுரீர் என்றதாம். எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. இதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வேறொன்று உடனே தொடங்க வேண்டும் என்ற ஒரு வரி அந்தக் காகிதக் கட்டில் எங்கும் இல்லை, அவ்வளவுதான்.

டெனோசுமாப்பை விட்டு வெளியே வர முறையான வழி உண்டு. கடைசி ஊசி போட்ட ஆறாவது மாதம், அதாவது அடுத்த ஊசி போட வேண்டிய அதே சமயத்தில், சோலெட்ரானிக் ஆசிட் ஏற்றுவதோ அலெண்ட்ரோனேட் தொடங்குவதோ வழக்கம். நெடுநாள் போட்டவர்களுக்கு ஒருமுறை ஏற்றுவது போதாமலும் போகலாம். எலும்பு கரையும் வேகத்தை இரத்தத்தில் பார்த்து மறுமுறை ஏற்றுவார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பிஸ்பாஸ்போனேட் சில மாதம் தள்ளிப்போனால் பரவாயில்லை, டெனோசுமாப்பை மட்டும் கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று உலக எலும்பு மருத்துவச் சங்கங்கள் கூட்டாக அறிவுறுத்தின. ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே அதிகத் தொற்றோடு தவித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தெருவுக்குத் தெரு தகரம் அடித்திருந்த அந்தக் கோடையிலும் ஆறு மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு இடத்திலும் வரிசை அறுந்துபோகிறது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, பிளேட்டோ செயற்கை மூட்டோ வைக்கிறார்கள், தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முறிந்த எலும்பைச் சரிசெய்தாயிற்று, முறியக் காரணமான நோய்க்கு மருந்து தொடங்கவில்லை. இடுப்பு முறிவு அறுவைக்குப் பிந்திய 90 நாட்களுக்குள் சோலெட்ரானிக் ஆசிட் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அடுத்த முறிவு குறைந்தது மட்டுமல்ல, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் கீழே எலும்புப்புரை மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஆண்களும் இதில் அடக்கம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் எலும்பைப் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வரிசை மாறும். பிஸ்பாஸ்போனேட் பலருக்கு ஒத்துவராது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு டெனோசுமாப் போட்டால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விடுத்தது. எலும்பு மருந்து எதைத் தொடங்கும் முன்பும் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின் மூன்றையும் பார்ப்பது அதற்காகத்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊர் அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆடிக் கூழுக்குக் கரைக்கும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவது எலும்புக்கு நல்லது. பிரண்டைத் துவையலும் வேண்டுமட்டும் சாப்பிடலாம். வெயிலில் நடங்கள், குளியலறையில் கைப்பிடி வையுங்கள், இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இவை எல்லாம் மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்தில் இவற்றை வைக்க முடியாது.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நம் மெட்ரோ ரயிலே பதில் சொல்கிறது. விம்கோ நகரிலிருந்து ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் தொடங்கிய இடம் அது. அதற்கு வித்திட்ட டாக்டர் வ.செ. நடராசனுக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கிண்டி. அங்கே கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு இன்னும் பக்கம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் வருகிறது. வாசல் வரை வரும் அந்தப் பணியாளர் கூடவே இரண்டு கேள்வி கேட்டால் போதும்: ஐம்பது வயதுக்கு மேல் சின்ன விழுகையில் எலும்பு முறிந்ததுண்டா? எலும்புக்கு ஊசி போடுகிறீர்கள் என்றால் அடுத்தது எந்தத் தேதி? பெரிய செலவில்லாத காரியம். எத்தனையோ முதுகைக் காப்பாற்றும்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் எலும்பு மருந்து எடுப்பவர் இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, ஒவ்வொரு ஊசியின் தேதி, ஸ்கேன் எண்கள், இதுவரை முறிந்த எலும்புகள் என்று எல்லாம் அதில் ஏறட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த நோட்டு கூடவே போகட்டும். அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த மருந்தை ஏன் முதலில் தருகிறீர்கள்? எவ்வளவு காலம்? ஒருமுறை தவறினால் என்ன ஆகும்? இது முடிந்ததும் அடுத்த மருந்து எது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டெனோசுமாப் போட்டுக்கொண்டு தேதி தவறியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்